பின்பலகைக்குள் இருந்த ஈரம்

லட்சுமியம்மாளுக்கு அந்தப் படகு வந்து சேர்ந்ததே ஒரு கோபத்தில்தான். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த பைபர் பட்டறையை 2006 ஐப்பசியில் மூடினார்கள். முதலாளி எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துக்குள் பெரிய இடமாகப் பார்த்துவிட்டார். போகிற அன்று எல்லோரையும் கூப்பிட்டு, பட்டறையில் கிடப்பதில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனசு பண்ணினார். கம்ப்ரசர் ஒருவனுக்கு, ஏணி ஒருவனுக்கு, தண்ணீர்த் தொட்டி ஒருவனுக்கு. லட்சுமியம்மாளின் வீட்டுக்காரர் அழகர்சாமிதான் அங்கே மேஸ்திரி. அவர் கிரைண்டரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வருவதற்குள் கொட்டகை காலி. பின்பக்கம் செடி மண்டிய இடத்தில் ஒரு பழைய மோட்டார் படகு மட்டும் கிடந்தது. அதற்குள் இரண்டு ஆடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

"எனக்கு இதானா?" என்று கேட்டாள்.

"மோட்டாரும் இருக்கும்மா, சாக்குப் பையில" என்றார் முதலாளி.

சிரித்தவர்கள் எல்லோருடைய முகத்தையும் ஒரு தரம் பார்த்து வைத்துக்கொண்டாள். அந்தப் படகை விட்டுவிட்டுப் போனால் அவர்கள் சிரித்தது சரியென்று ஆகிவிடும். ஆட்டை விரட்டினாள், ஆள் கூப்பிட்டாள். ஒன்பது பேர் சேர்ந்து தூக்கியும் பின்பக்கம் எழும்பவில்லை. பைபர் படகுக்கு அவ்வளவு கனம் கிடையாது. படகு குடித்த தண்ணீரெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருந்தது. கடைசியில் மினி லாரியில் கயிறு கட்டி இழுத்துத்தான் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனைக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லோருக்கும் அது ஒரு பேச்சாகிவிட்டது.

"லட்சுமக்கா, ஜூஜுவாடியில இத எந்தத் தண்ணியில வுடப் போற? ஹைவேயில வுடு. படகுன்னா செக்போஸ்டுல நிறுத்த மாட்டான்."

"உன்ன முன்னாடி கட்டி வுடறன், வா" என்பாள்.

ஆனால் கோபம் மட்டும் சோறு போடுமா? வேலை தேடிச் சிப்காட்டில் பதினோரு கேட் ஏறி இறங்கினாள். வாட்ச்மேன்கள் முகத்தைப் பார்த்ததுமே முப்பது வயசுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். அவளுக்கு நாற்பத்தாறு. அழகர்சாமிக்கு ஐம்பத்திரண்டு, போதாததற்குப் பைபர் தூசி நெஞ்சில் ஏறிய இருமல். அந்த நேரத்தில்தான் காவேரிப்பட்டினத்துக்கு அந்தாண்டை, அவள் பிறந்த ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். போன வருஷத்து மழையில் ஊர் ஏரி கரை முட்ட நிரம்பியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் வருகிறது, படகு விட ஒரே ஒரு ஆளுக்கு லைசென்ஸ் தரப் போகிறார்கள். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை படகைக் கொண்டுவந்து, இன்ஜினியர் முன்னால் மோட்டார் மாட்டி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். பெங்களூர்க்காரர் ஒருவரும் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். உள்ளூர் ஆள் காட்டாவிட்டால் அவருக்குப் போய்விடும்.

இரண்டே மாசம்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே லட்சுமியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கினாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். பைபர் வேலையில் எதையும் விரல் முட்டியால் தட்டித்தான் பார்ப்பாள். நல்ல இடம் ணங்கென்று பேசும். உள்ளே மரம் செத்த இடம் தொப்பென்று விழும். படகின் தரையை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனாள். தொப், தொப், தொப். பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"மேல ரெண்டு கோட்டு நார் மேட்டு போட்டு, ரெசின் பசை அடிச்சு, நீல பெயின்ட் குடுத்தா பொண்ணு மாதிரி இருக்கும்" என்றார் அழகர்சாமி. அவர் மதுரைப் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் ஓசூரில் இருந்தும் பேச்சை விடவில்லை.

"உள்ள செத்துக் கெடக்குதுய்யா."

"உள்ள யாருடி பாக்கப் போறா? இம்புட்டு வருஷம் தொழில் பாத்தவன் சொல்றேன்."

"நானும் இந்தாளு கிட்டயேதான் பாத்தன்" என்று சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த கிரைண்டரை வாங்கினாள்.

தரையை அறுத்துத் தூக்கியதும் வந்த நாற்றத்தில் தெருநாயே எழுந்து போய்விட்டது. படகின் அடிவயிற்றில் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டம் ஓடும். அதுதான் அதன் முதுகெலும்பு. அந்தச் சட்டத்தைக் கையால் பிடித்தாள். ஊறிய ரஸ்க் மாதிரி பிய்ந்து வந்தது. இடுக்கில் அடைத்திருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் குடம் குடமாகத் தண்ணீர். பிய்ந்த மரத்தில் ஒரு துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு மையில் ஒரு குடையும் ஒரு கண்ணாடி டம்ளரும் அச்சடித்திருந்தது. வெளிநாட்டிலிருந்து மிஷின் வருகிற பெட்டிகளில் இருக்கிற படம். ஓசூரில் அந்தப் பெட்டி மரத்தில் செய்யாத பொருள் இல்லை: கட்டில், கதவு, கோழிக்கூடு, பிள்ளைக்குத் தொட்டில்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே படகு பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்தது. பெட்டி மரத்தை வைத்துச் சட்டம் போட்டவர் அழகர்சாமி. அதன்மேல் கண்ணாடி நார் மேட்டை விரித்து ரெசினை உருட்டி மூடியவள் லட்சுமியம்மாள். அன்றைக்கு முந்தின நாள் மழை. மரம் ஈரமாக இருந்தது. "மேஸ்திரி, மரம் நனஞ்சிருக்குது" என்று அவள் சொன்னாள். "டெலிவரி இன்னைக்குடி, மூடு" என்றார் அவர். அவள் மூடினாள். பட்டறையில் அவர் மேஸ்திரி, அவள் கூலி. அப்படித்தான் வாயையும் மூடிக்கொண்டாள். படகு நாலு வருஷம் எங்கேயோ ஓடி, பின்னால் கனத்துப் போய்த் திரும்பி வந்து செடிக்குள் விழுந்தது.

அன்று ராத்திரி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த மரத்துண்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன இது?"

"நீ போட்ட சட்டம். தொட்டுக்கினு தின்னு."

அழகர்சாமி துண்டை எடுத்துப் பார்த்தார். "மரம்னா மக்கத்தாண்டி செய்யும்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். இரண்டு பேரும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து பார்த்தபோது அவர் படகுக்குள் உட்கார்ந்து மிச்ச மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காப்பித்தண்ணியைக் கொண்டுபோய்ப் படகின் விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் சமாதானம்.

புதுச் சட்டத்துக்கு மரம் கேட்டு மரக்கடை கிருஷ்ணப்பனிடம் போனாள். அவனுக்கு வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், அவசரத்தில் இரண்டும்.

"பெட்டி மரம் இருக்குது அக்கா. ஜெர்மன் பெட்டி. சென்னாகிதே, நல்லா இருக்குது."

"பெட்டி மரம் பேடா, வேணாம். தண்ணி தாங்குற ப்ளைவுட்டு குடு."

"ஊரே பெட்டி மரம்தான வாங்குது? உனக்கு மட்டும் என்ன?"

"ஊரு கட்டில் போடுது. கட்டில் ஏரியில மெதக்குமா கிருஷ்ணப்பா? மெதந்தா சொல்லு, அதையே எடுத்துக்கறன்."

அவன் உள்ளே போய் ப்ளைவுட்டை எடுத்து வந்தான்.

கார்த்திகை முழுக்கப் படகின் வயிறு வெயில் காய்ந்தது. மார்கழியில் சட்டம் போட்டு மூடினார்கள். பைபர் தூள் கழுத்திலும் முழங்கையிலும் ஏறி அரித்தது. தேங்காயெண்ணெய் தடவினாலும் அரித்தது, தடவாவிட்டாலும் அரித்தது. அதைவிடப் பெரிய தொல்லை குளிர். ஓசூர் மார்கழியில் ரெசின் சீக்கிரம் இறுகாது. தேன் மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும். அவள் தகர ஷீட்டைச் சாய்த்து வைத்து வெயிலைப் படகுமேல் திருப்பிவிட்டாள். ஒரு கோட்டு போட்டு, அது இறுகி, நகத்தால் கீறினால் கோடு விழாத பிறகுதான் அடுத்த கோட்டு. மார்கழிக் கடைசியில் தரையைத் தட்டினாள். முன்னாலிருந்து முக்கால் படகு வரை ணங்.

மிச்சம் பின்பலகை. மோட்டாரைக் கவ்வி மாட்டுகிற பலகை அதுதான். மோட்டாரின் கனமும் தள்ளுகிற வேகமும் முழுக்க அதன் தலையில்தான் விழும். அதை மட்டும் அழகர்சாமி தொடவிடவில்லை.

"அது நல்லா இருக்கு. நான் போட்டது. விடு."

"சட்டமும் நீதான் போட்ட."

"அதுல லாடம் இருக்குடி."

இருந்தது. பின்பலகையின் வெளிப்பக்கம், மோட்டாருக்கு ஒரு சாண் தள்ளி, குதிரை லாடம் ஒன்று நாலு ஆணியில் நின்றது. மேலே மூன்று பூச்சுப் பெயின்ட். பைபருக்கு வருவதற்கு முன் அழகர்சாமி லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். எந்த வண்டி முடிந்தாலும் திருஷ்டிக்கு ஒரு லாடம் அடித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தில் படகுக்கும் அடித்துவிட்டார். அடித்த லாடத்தைக் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் கட்சி. அதில் அவர் விளையாடுகிறவர் இல்லை, நிஜமாகவே பயந்தார்.

போகிப் பண்டிகை அன்று அவர் பெங்களூர் பீன்யாவில் மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கப் போயிருந்தார். தெருவில் பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருந்தன. லட்சுமியம்மாள் பின்பலகையைத் தட்டினாள். மேலே ணங். ஓரத்தில் ணங். லாடத்தைச் சுற்றித் தொப். அரை முழத்துக்கு இந்தப் பக்கம், அரை முழத்துக்கு அந்தப் பக்கம், தொப்.

அவளுக்குப் பயமும் இருந்தது, கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. கடப்பாரை முனையை லாடத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். நாலு ஆணியும் சத்தமே இல்லாமல் வந்தன, சோற்றுக்குள் குத்திய குச்சியை உருவுகிற மாதிரி. நாலு ஓட்டையிலிருந்தும் டீத்தண்ணீர் நிறத்தில் நீர் வடிந்தது. லாரிப் பாடி மொத்தமும் மரம், ஆணி அடித்தால் ஒன்றும் ஆகாது. படகில் மரத்துக்குமேல் பைபர்த் தோல் இருக்கிறது. தோலில் ஓட்டை போட்டால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. திருஷ்டி படாமல் இருக்க அடித்த ஆணி வழியாகத்தான் படகு நாலு வருஷமாகத் தண்ணீர் குடித்திருக்கிறது.

அழகர்சாமி திரும்பி வந்தபோது பின்பலகையின் உள்தோலை அவள் அறுத்து எடுத்திருந்தாள். லாடம் படியில் கிடந்தது.

"கழட்டிட்டியாடி?"

"போகிதான? பழச கழிச்சிட்டன்."

"ஒரு வாரத்துல ஏரியில ஓட்டணும். இப்பப் போயி பலகைய அறுத்து வச்சிருக்கியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அப்படியே விட்டிருந்தா அன்னிக்கு ஒரு சுத்து ஓடியிருக்கும்ல? லைசென்ஸ் வாங்கிட்டு மெதுவா பாத்திருக்கலாம்ல?"

"அன்னைக்கும் நாளைக்கு பாக்கலாம்னுதான் ஈர மரத்த மூடின. நானும் கூட நின்னு மூடினன். அந்தப் படகுல நாலு வருஷம் யாரு யாரு புள்ளைங்க ஏறுச்சோ! ஏரி நடுவுல மோட்டாரோட பலகை பிச்சிக்கினு போயிருந்தா? போகல. அது நம்ம சாமர்த்தியமாய்யா? இனிமே எதையும் மூடச் சொன்னா அந்த மேட்ட உன் வாய்க்குப் போட்டு ரெசின் அடிச்சிடுவன்."

கத்தியதில் லைன் வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் பொங்கப்பானைக்குக் கட்ட வைத்திருந்த மஞ்சள் கொத்தைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். "பண்டிகையும் அதுவுமா ஏன் லட்சுமி?" என்றாள்.

"பண்டிகை என்ன பண்டிகை? நீ போய்ப் பொங்கு. எனக்கு இங்கயே பொங்குது."

அழகர்சாமி லாடத்தைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சிப்காட்டில் இருக்கும் சொந்தக்காரர் அறைக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வரவில்லை, மாட்டுப் பொங்கலுக்கும் வரவில்லை.

அவள் தனியாகச் செய்தாள். மக்கியதைச் சுரண்டி எடுத்தாள். தோலை இரண்டு நாள் காயவிட்டாள். ப்ளைவுட்டை இரண்டு தட்டாக ஒட்டி உள்ளே வைத்து, கல் ஏற்றி அழுத்தினாள். மேலே மூன்று கோட்டு மேட்டு. ரெசினில் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் மளமளவென்று இறுகும். ஆனால் சூடேறி வெடிப்பு விடும். அவள் ஊற்றவில்லை. சனிக்கிழமை நகம் வைத்தாள், கோடு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விழுந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் மினி லாரி வந்து நின்றபோதும் லேசாக விழுந்தது.

ஏரிக்கரையில் இன்ஜினியர் நவீன்குமார் அட்டையில் காகிதம் செருகி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சின்ன வயசுப் பிள்ளை, வெயில் கண்ணாடி போட்டிருந்தார். பெங்களூர்க்காரரின் ஆள் ஒருவனும் அரசமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தான். படகை நாலே பேர் தூக்கித் தண்ணீரில் வைத்தார்கள். சருகு மாதிரி உட்கார்ந்தது.

"மோட்டார மாட்டுங்கம்மா."

"மோட்டாரு இன்னைக்கு மாட்ட முடியாதுங்க. பலகை இன்னும் பச்சையா இருக்குது. வெள்ளிக்கிழமை மாட்டலாம்."

"இன்னைக்குத்தான் தேதி."

"தேதி ரெசினுக்குத் தெரியாதுங்க."

"அம்மா, ஒரு சுத்துதான். அஞ்சு நிமிஷம். மெதுவா போயிட்டு வந்துடலாம். நான் எழுதிட்டுப் போயிடறேன். அப்புறம் நீங்க காய வைங்க, ஊற வைங்க, யாரு கேக்கப் போறா?"

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் லட்சுமியம்மாளுக்குத் தாங்கவில்லை. ஐந்து நிமிஷம் ஓட்டினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். உள்ளே தட்டும் தட்டும் விட்டுப்போய் ஒரு மயிரிழை விரியும், வெளியே தெரியாது. லைசென்ஸ் கையில் இருக்கும். கையில் இருந்த பிறகு அறுத்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்? தனக்கே வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கரையில் தம்பி நின்றான். தம்பி பெண்டாட்டி நின்றாள். இந்த ஏரியை விட்டால் இந்த வயசில் வேறு பிழைப்பு இல்லை.

அப்போது பஸ்ஸை விட்டு இறங்கி அழகர்சாமி கரைமேல் வந்தார். சவரம் பண்ணாத முகம். நேராக வண்டிக்குப் போய் மோட்டாரைத் தோளில் தூக்கினார்.

"வந்துட்டாருல்ல வீட்டுக்காரரு! ஐயா, நீங்க மாட்டுங்க" என்றார் நவீன்குமார்.

அழகர்சாமி படகுக்குப் பக்கத்தில் குனிந்து பின்பலகையைப் பார்த்தார். உள்ளங்கையால் தடவினார். நகத்தை வைத்துக் கீறினார். பிறகு மோட்டாரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மாட்ட முடியாது சார்."

"ஏன்?"

"அவ சொல்லிட்டாள்ல?" கொஞ்சம் இருமினார். "போன தடவ இந்தப் படகுக்கு ஈர மரத்தப் போட்டு மூடுனவன் நான். பலகையில ஆணி அடிச்சு ஓட்ட போட்டவனும் நான்தான். அவ வேணாம்னுதான் சொன்னா. இப்ப அம்புட்டையும் அவதான் எடுத்துப் போட்டிருக்கா. வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதான்."

லட்சுமியம்மாளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"இத ஆறு வருஷம் முன்னாடி சொன்னா என்னய்யா? பொங்கலுக்கு வந்து சொன்னா என்ன? தனியா கல்லு தூக்கிக் கல்லு தூக்கி இடுப்பு போச்சு எனக்கு. இங்க வந்து ஊருக்கு முன்னாடி நியாயம் பேசறாரு!"

"பேசாட்டியும் திட்டுற, பேசுனாலும் திட்டுற."

"ஆமா, திட்டுவன்."

நவீன்குமார் வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அரசமரத்தடி ஆளைக் கூப்பிட்டு, "உங்க படகு எங்க?" என்றார். அது அத்திப்பள்ளியில் இருக்கிறது, பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை, அடுத்த வாரம்தான் வரும் என்று அவன் தலையைச் சொறிந்தான். "அவருக்கு அடுத்த வாரம் வரைக்கும் இருக்கு, உங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு" என்று நவீன்குமார் தேதியை அடித்துத் திருத்தினார். "அன்னைக்கும் காயலன்னு சொல்லக் கூடாது."

"காஞ்சா காஞ்சதுன்னு சொல்லுவன். காயலன்னா காயலன்னு சொல்லுவன்" என்றாள் லட்சுமியம்மாள். தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

ஏரிக்கரை வெயில் ஓசூர் வெயில் மாதிரி இல்லை, சுள்ளென்று இருக்கும். படகைக் கரையிலேயே பின்பலகையின் உள்பக்கம் வெயில் படும்படி சாய்த்து வைத்தார்கள். நாலு நாளும் அழகர்சாமி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பலகையைச் சூரியன் பக்கம் திருப்பித் திருப்பி வைத்தார். அவள் சோறு கொண்டுவந்து கொடுத்தாள், கொடுக்கும்போதெல்லாம் திட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் நகம் வழுக்கிக்கொண்டு போனது.

மோட்டாரை மாட்டி, கயிற்றை இழுத்ததும் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. நவீன்குமார் முன்னால் உட்காரப் போனார். லட்சுமியம்மாள் விடவில்லை. பின்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்து ஒரு கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். ஏரியின் நடுவில் அழகர்சாமி வேகத்தைக் கூட்டினார். பலகை நடுங்கவில்லை. மோட்டாரின் அதிர்வு மட்டும் பூனை உறுமுகிற மாதிரி உள்ளங்கையில் ஏறியது. முழுச் சுற்றுச் சுற்றிக் கரைக்கு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

"அருமையா இருக்கும்மா. லைசென்ஸ் உங்களுக்குத்தான்" என்று நவீன்குமார் படகிலேயே காகிதத்தை எடுத்தார். "எத்தனை பேர் ஏறலாம்? பன்னெண்டுன்னு போட்டுடறேன். கூட்டம் வந்தா நல்லா ஓடும்."

"எட்டுன்னு போடுங்க."

"எல்லா இடத்துலயும் இந்த அளவு படகுக்குப் பன்னெண்டுதான் போடறாங்க. உங்களுக்குத்தான் லாபம்."

"எல்லா இடத்துலயும் என்ன போடறாங்கன்னு பாத்துட்டுத்தான் வந்திருக்கறன். எட்டு."

"லட்சுமி, பத்தாவது போட்டா..." என்று அழகர்சாமி ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மோட்டாரை அணைத்தார்.

நவீன்குமார் எழுதிக் கொடுத்தார். லட்சுமியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தை வாங்கி அழகர்சாமியிடம் நீட்டினாள்.

"படி."

"எட்டு பேர்னு போட்டிருக்கு."

"எழுத்துல போட்டிருக்கா, நம்பருல போட்டிருக்கா?"

"நம்பர்ல."

"எழுத்துலயும் போடச் சொல்லு. நம்பருன்னா நாளைக்கு எவனாவது பக்கத்துல ஒண்ணு போட்டு பதினெட்டு ஆக்கிடுவான்."

நவீன்குமார் ஒரு காலைக் கரையில் வைத்தபடி நின்று, காகிதத்தைத் திரும்ப வாங்கி எழுத்திலும் எழுதினார். அழகர்சாமி அதை உரக்கப் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் படகிலிருந்து இறங்கினாள்.